‘ரிட்டர்ன் பேக்’ சொல்லலாமா? திருப்பிக் கொடு, திரும்பக் கொடு: எது எங்கே?

மலேசியாவின் ஐந்து இடங்களிலிருந்து ஐந்து பேர் எழுதிக்கொண்டது இது. ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் ஊர்.

4 மார்ச் 2024, காலை 9.10, செந்தூல்

கோயில் வளாகத்தில் இருக்கும் சின்ன நூலகத்துக்கு மும்மொழி அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஆங்கில வரி இது: ‘பிளீஸ் ரிட்டர்ன் பேக் தி புக்ஸ் வித்தின் 14 டேஸ்.’ செயலவையில் ஒருவர் ‘பேக்’ வேண்டாம் என்கிறார். அதை எடுத்துவிட்டால் வாக்கியம் பாதியில் நிற்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. தமிழில் ‘14 நாள்களுக்குள் புத்தகங்களை மீண்டும் கொடுக்கவும்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். மலாய் வரி ‘சிலா புலாங்கான் புக்கு’ என்று தொடங்குகிறது, அதில் குழப்பமில்லை. மற்ற இரண்டும் சரியா? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும்.

4 மார்ச், காலை 9.50, ஜார்ஜ்டவுன்

‘பேக்’கை எடுத்துவிடுங்கள். ‘ரிட்டர்ன்’ என்பதன் முன்னால் நிற்கும் ‘ரி’யே பின்னோக்கி என்ற பொருளைச் சுமந்துகொண்டு வருகிறது. லத்தீன் முன்னொட்டு அது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘பேக்’ இருந்தே ஆக வேண்டும் என்றால் வினையை மாற்றுங்கள். ‘கிவ் பேக்’, ‘பிரிங் பேக்’, ‘செண்ட் பேக்’, ‘பே பேக்’ எல்லாம் சரி. ‘கிவ்’வுக்கு யார் பக்கம் என்ற திசை தனியாகக் கிடையாது, ‘பேக்’ வந்துதான் அந்தத் திசையைக் காட்டுகிறது. ‘ரிட்டர்ன்’ திசையோடு பிறந்த சொல்.

அறிவிப்புப் பலகைக்கு ‘ரிட்டர்ன்’ பொருந்தும். வீட்டில், கடையில், பிள்ளைகளிடம் பேசும்போது ‘கிவ் பேக்’ இயல்பு.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் தமிழ் வரியில் இருக்கிறது. ‘மீண்டும் கொடுக்கவும்’ என்றால் இன்னொரு தடவை கொடுக்கவும் என்றுதான் பொருள் வரும். வாசகர் முன்பே ஒருமுறை புத்தகத்தைக் கொடுத்துவிட்டார், இப்போது இரண்டாவது முறை கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும். ‘திருப்பிக் கொடுக்கவும்’ என்று போடுங்கள்.

4 மார்ச், காலை 11.20, பட்டர்வொர்த்

‘திரும்பக் கொடுக்கவும்’ என்று எழுதுவதில் என்ன குறை? பள்ளிச் சுற்றறிக்கைகளில் அப்படித்தான் பார்க்கிறேன்.

4 மார்ச், பிற்பகல் 1.05, ஜார்ஜ்டவுன்

திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. வண்டி திரும்புகிறது, ஓட்டுநர் வண்டியைத் திருப்புகிறார். புத்தகம் தானாக நூலகத்துக்கு நடந்து வராது, ஒருவர் அதைத் திருப்ப வேண்டும். அதனால் ‘திருப்பி’ என்ற வினையெச்சம் கொடுப்பவரின் செயலை நேராகச் சொல்கிறது.

‘திரும்ப’ என்பது மறுபடியும் என்ற பொருளுக்கு எளிதாகச் சாய்ந்துவிடும். ‘திரும்பத் திரும்பச் சொன்னேன்’ என்பதைப் பாருங்கள். ஆகவே பொருளைக் கொடுக்கும் இடத்தில் ‘திருப்பி’, செயலை மறுபடி செய்யும் இடத்தில் ‘திரும்ப’.

4 மார்ச், இரவு 10.40, ஜார்ஜ்டவுன்

மதியம் எழுதியதைத் திருத்துகிறேன். அந்த விதி இறுக்கமாகப் போய்விட்டது. ‘திருப்பிச் சொல்லு’, ‘திருப்பி எழுது’, ‘திருப்பித் திருப்பிக் கேட்கிறான்’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். இங்கெல்லாம் ‘திருப்பி’யும் மறுபடி என்றே பொருள்படுகிறது. மறுபக்கம் ‘திரும்பப் பெறு’ என்பதில் ‘திரும்ப’ பின்னோக்கி வருவதைச் சொல்கிறது, யாரும் அதைப் பிழை என்பதில்லை.

பொருளை முடிவு செய்வது அடுத்து வரும் வினைதான். கொடு, தா, அனுப்பு, செலுத்து, பெறு, வாங்கு என்று கை மாறும் வினை வந்தால் பின்னோக்கி. சொல், எழுது, படி, கேள் என்று வந்தால் மறுபடி. ‘அடி’யில் இரண்டும் கலக்கும். ‘அவன் அடித்தான், நான் திருப்பி அடித்தேன்’ என்றால் பதிலடி. ‘ஆணி சரியாக இறங்கவில்லை, திருப்பி அடி’ என்றால் இன்னொரு முறை.

‘திரும்பக் கொடுக்கவும்’ பிழையல்ல. ஆனால் இரண்டும் கைக்கு எட்டும்போது, ஐயத்துக்கு இடம் குறைவான ‘திருப்பிக் கொடுக்கவும்’ அறிவிப்புக்கு நல்லது.

5 மார்ச், காலை 8.15, செராஸ்

ஆங்கில ‘ரி’யும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘ரிட்டர்ன்’, ‘ரீஃபண்ட்’ என்பவற்றில் பின்னோக்கி. ‘ரீரைட்’, ‘ரீபிரிண்ட்’ என்பவற்றில் மறுபடி. மாணவர்களுக்கு இந்த இரண்டையும் தமிழோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ‘ரிட்டர்ன் பேக்’ தானாக விழுந்துவிடும். ‘ரிப்பீட் அகேன்’ என்பதும் அதே குடும்பம். முதல் தடவை மறுபடி சொல்லச் சொல்லும்போது ‘அகேன்’ மிகை, மூன்றாவது தடவை கேட்டால் அதற்கு இடம் உண்டு.

5 மார்ச், காலை 10.30, பிரிக்பீல்ட்ஸ்

‘ரிட்டர்ன் பேக்’ மலேசிய ஆங்கிலத்தின் பிழை என்று இங்கே யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், இராஜாக்களின் முதல் நூல் 19ஆம் அதிகாரம் 21ஆம் வசனம், எலிசா எலியாவை விட்டுப் போய் ஏர்மாடுகளைப் பிடிக்கும் இடத்தில் ‘ரிட்டர்ண்ட் பேக்’ என்றே இருக்கிறது. நானூறு ஆண்டுக்கு முன்னால் அது நல்ல ஆங்கிலம்.

5 மார்ச், காலை 11.10, ஜார்ஜ்டவுன்

சரியான எடுத்துக்காட்டு, ஏற்றுக்கொள்கிறேன். ‘பிழை’ என்பதற்குப் பதிலாக ‘இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் மிகை’ என்று சொல்வதுதான் நேர்மை. தேர்வுத்தாளில், அலுவலகக் கடிதத்தில், பலகையில் தவிர்க்க வேண்டும். பேச்சில் யாரையும் நிறுத்தித் திருத்தத் தேவையில்லை.

நம் நாக்கில் ‘பேக்’ இவ்வளவு ஒட்டிக்கொள்ள இரண்டு பக்கத்திலிருந்தும் துணை இருக்கிறது. தமிழில் திருப்பி + கொடு என்று இரண்டு சொல். பேச்சு மலாயில் பாகி பாலிக், பாயார் பாலிக், அம்பில் பாலிக், ஹந்தார் பாலிக் என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ‘பாலிக்’, ‘பேக்’ போலவே பின்னோக்கி என்று பொருள். இந்த இரண்டு மொழியையும் காலையிலிருந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு ‘ரிட்டர்ன்’ தனியாக நின்றால் ஏதோ குறைவதாகத்தான் படும். செந்தூல் சகோதரி ‘பாதியில் நிற்பதுபோல’ என்று எழுதியது அதனால்தான். மலாய் வரியில் ‘புலாங்கான்’ இருப்பதைக் கவனியுங்கள். அது ‘ரிட்டர்ன்’ மாதிரி ஒற்றைச் சொல். எழுத்து மலாயில் அதன் பின்னால் ‘பாலிக்’ தேவைப்படுவதில்லை. ஆங்கில வரியை எழுதும்போது ‘புலாங்கான்’ஐ மனத்தில் வைத்துக்கொண்டால் கை தடுமாறாது.

5 மார்ச், பிற்பகல் 3.40, செராஸ்

‘பேக்’கைவிட அடிக்கடி திருத்த வேண்டியிருப்பது ‘ரிட்டர்ன் மீ மை புக்’. ‘ரிட்டர்ன்’ அப்படி இரண்டு செயப்படுபொருளை அடுத்தடுத்து ஏற்காது. ‘ரிட்டர்ன் மை புக் டு மீ’ என்று வர வேண்டும். ‘கிவ்’ ஏற்கும்: ‘கிவ் மீ பேக் மை புக்’, ‘கிவ் மீ மை புக் பேக்’ இரண்டும் சரி. ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ தவறாவதும் இதே காரணத்தால். பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த வினைகள் பெரும்பாலும் ‘டு’ கேட்கும். தமிழில் ‘எனக்கு’ என்பதை எங்கே வைத்தாலும் வாக்கியம் தாங்கும், அந்தச் சுதந்திரத்தை அங்கே எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

இன்னொன்று. பெயர்ச்சொல் என்றால் ‘கிவ் பேக் தி புக்’, ‘கிவ் தி புக் பேக்’ இரண்டுக்கும் இடமுண்டு. ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான்: ‘கிவ் இட் பேக்’. ‘கிவ் பேக் இட்’ எங்கேயும் இல்லை.

5 மார்ச், மாலை 6.00, பட்டர்வொர்த்

அலுவலக மின்னஞ்சலில் வரும் ‘பிளீஸ் ரிவர்ட்’?

5 மார்ச், மாலை 6.25, செராஸ்

இங்கேயும் சிங்கப்பூர், இந்தியாவிலும் பதில் எழுதுங்கள் என்ற பொருளில் ஓடுகிறது. பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அதன் அடிப்படைப் பொருள். உள்ளூர்க் கடிதத்தில் யாருக்கும் புரியும். லண்டனுக்கோ சிட்னிக்கோ எழுதும்போது ‘ரிப்ளை’ போடுங்கள். ‘ரிவர்ட் பேக்’ எங்கேயும் வேண்டாம்.

6 மார்ச், காலை 7.30, ஜார்ஜ்டவுன்

‘கொடு’வா ‘தா’வா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அறிவிப்பில் ‘திருப்பித் தரவும்’ என்று ஏன் போடக் கூடாது?

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் செல், வா, தா, கொடு நான்கையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. பொருள் பேசுபவரை அல்லது கேட்பவரை நோக்கி வந்தால் ‘தா’, இருவரையும் விட்டு வெளியே போனால் ‘கொடு’. வா-செல் ஜோடி எப்படியோ அப்படியே தா-கொடு ஜோடி. ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்று விடைபெறும் மொழியில் இந்தத் திசை உணர்வு ஆழமாக ஊறியிருக்கிறது.

ஆகவே நூலகமே பேசுவதாக எழுதினால் ‘எங்களிடம் திருப்பித் தரவும்’. பொதுவாக எழுதினால் ‘திருப்பிக் கொடுக்கவும்’. ‘எங்களிடம் கொடுக்கவும்’ என்பது தவறு.

6 மார்ச், காலை 9.00, பிரிக்பீல்ட்ஸ்

கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியாது. அதே தொல்காப்பியம் எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றையும் கேட்கும் சொற்களாக எடுத்துக்கொண்டு, தாழ்ந்தவர் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர் ‘கொடு’ என்பார் என்கிறது. உயர்ந்தவர் ‘கொடு’ என்று கேட்பது தமக்காகத்தானே? அந்த ஐயம் எழும் என்று தெரிந்தே அடுத்த நூற்பாவில் விளக்கமும் இருக்கிறது. கொடு என்பது படர்க்கைச் சொல்லானாலும், பேசுபவர் தம்மைப் பிறர்போல வைத்துச் சொல்லும் குறிப்பில் தம்மிடத்தும் வரும் என்று.

6 மார்ச், காலை 9.35, ஜார்ஜ்டவுன்

உண்மை, அந்த நூற்பாவை விட்டுவிட்டேன். ‘தவறு’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நூலகம் தன்னைப் பிறர்போல வைத்துப் பேசுவது அறிவிப்புக்கு இயல்பானதும்கூட. ‘நிர்வாகத்திடம் கொடுக்கவும்’ என்று நிர்வாகமே எழுதுவதில்லையா? அதே குறிப்புதான்.

இன்றைய பேச்சில் நிலை வேறு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ‘குடுங்க’ தான் எல்லா இடத்துக்கும். ‘அண்ணே, அந்தப் பேனாவைக் குடுங்க’, ‘ஆன்ட்டி, சட்டியை நாளைக்குக் கொண்டாந்து குடுத்துர்றேன்.’ ‘தா’ என்று மொட்டையாகக் கேட்டால் காதில் கூர்மையாக விழும். ‘தாங்க’, ‘தர்றீங்களா’ என்றால் மென்மை. தம்பி தங்கையிடம் ‘குடுத்துரு’ போதும். இந்த ‘ரு’ சும்மா வருவதில்லை: கொடுத்து + விடு, வேலையை முடித்துவிடு என்ற அழுத்தம் அது. ‘குடு’ என்றால் கேட்பது. ‘குடுத்துரு’ என்றால் இன்னும் உன் கையில் இருக்கிறதே என்ற நினைவூட்டல்.

6 மார்ச், பிற்பகல் 2.10, பட்டர்வொர்த்

என்ன பொருள் திரும்புகிறது என்பதைப் பொறுத்தும் சொல் மாறுமே. வீட்டில் கைமாற்று என்கிறோம், பள்ளியில் இரவல் என்று கற்றுக்கொடுக்கிறோம், வங்கியில் கடன்.

6 மார்ச், இரவு 9.20, ஜார்ஜ்டவுன்

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆங்கில ‘கிவ் பேக்’ எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போடுகிறது. தமிழ் முதலில் கேட்பது ‘வாங்கிய அதே பொருள் வருகிறதா, அதற்கு ஈடானது வருகிறதா?’

அதே பொருள் வந்தால் இரவல். புத்தகம், நகை, ஏணி, டிபன் கேரியர். உங்கள் நூலகப் புத்தகம் இரவல்தான். கடன் இல்லை. 1975இல் தொடங்கி, 2008 முதல் பெற்றோர் வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் கிடைக்கும் பாடநூல் திட்டமும் தன்மையில் இரவல்தான், ஆண்டு முடிவில் அதே நூல் பள்ளிக்கு வர வேண்டும். ‘பிஞ்சாமான்’ என்ற மலாய்ச் சொல் இரவலுக்கும் கடனுக்கும் பொது. அதை வைத்து மொழிபெயர்க்கும்போது ‘கடன்’ என்று எழுதிவிடுகிறோம். அதே மலாயில் வாங்குவது மெமிஞ்சாம், கொடுப்பது மெமிஞ்சாம்கான். பேச்சில் இரண்டும் ‘பிஞ்சாம்’ ஆகிவிடும். ‘பாரோ மீ யுவர் பென்’ என்று பிள்ளைகள் கேட்பதில் அந்தப் ‘பிஞ்சாம்’ ஒலிக்கிறது. ‘லெண்ட்’ என்று திருத்துங்கள்.

ஈடானது வந்தால் கடன். வட்டி, பத்திரம், நாள்கணக்கு இல்லாமல் நம்பிக்கையில் வாங்கிச் சீக்கிரம் கொடுப்பது கைமாற்று. கடனைத் ‘திருப்பிக் கொடுத்தார்’ என்று சொல்லலாம், ஆனால் ‘அடைத்தார்’, ‘தீர்த்தார்’ என்பதில்தான் கணக்கு முடிந்தது தெரியும். மாதாமாதம் போனால் ‘கட்டுகிறார்’. 5,000 வெள்ளிக் (ரிங்கிட்) கடனில் 2,000 வெள்ளி திருப்பிக் கொடுத்தவர் இன்னும் அடைக்கவில்லை.

இவை இரண்டுக்கும் நடுவில் அருமையான ஒரு பழைய சொல் இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவு எதிர்கொடுப்பது. 221ஆம் குறளில் வருகிறது: இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது என்று. பக்கத்து வீட்டில் ஒரு டின் அரிசி வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டிப்பால் டின்னால் அளக்கிறார்கள். வாய் மட்டத்துக்கு விரலால் தலைதட்டி வாங்கினால் தலைதட்டிக் கொடுக்க வேண்டும். கோபுரமாகக் குவித்துக் கொடுத்திருந்தால் திரும்பிப் போகும் டின்னிலும் கோபுரம் இருக்க வேண்டும். வாங்கிய அரிசி சோறாகிவிட்டது, அதே அரிசி வராது, அளவுதான் வரும். இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லைத் தேடிப் பயனில்லை, ‘கிவ் பேக் தி சேம் அமவுண்ட்’ என்று விரித்துச் சொல்லுங்கள்.

அரிசி வந்த பாத்திரமோ இரவல். ஒரே நடையில் இரண்டு கணக்கு. கழுவித் துடைத்துக் கொடுக்கும்போது வெறுமையாக அனுப்பாமல் நாலு வாழைப்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டு அனுப்புவது நம் வழக்கம். அது கைம்மாறு, கடனில் சேராது.

7 மார்ச், காலை 8.00, பிரிக்பீல்ட்ஸ்

அடகு விட்டுப்போனது. ‘நகையைத் திருப்பிட்டாங்களா?’ என்றால் மீட்டுவிட்டார்களா என்று பொருள். ‘கொடு’ இல்லாமல் ‘திருப்பு’ தனியாக நிற்கும் இடம் இது. அதனால் ‘அக்கா நகையைத் திருப்பிக் கொடுத்தார்’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. இரவல் வாங்கிய நகையைக் கொடுத்தார் என்பது ஒன்று. அடகுக் கடையிலிருந்து மீட்டு எடுத்து வந்து கொடுத்தார் என்பது இன்னொன்று. எழுத்தில் இரண்டாவதற்கு ‘மீட்டுக் கொடுத்தார்’ என்று எழுதினால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் அது ‘ரிடீம்’, ‘கெட் பேக்’ மட்டும் போட்டால் எங்கிருந்து என்று தெரியாது.

சொல் மட்டுமில்லை, நாளும் முக்கியம். 1972ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர் சட்டத்தின்படி உரிமம் பெற்ற கடையில் வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, மீட்கும் கால அளவு 6 மாதம். 1,000 வெள்ளிக்கு வைத்தால் 6 மாதத்தில் வட்டி 120 வெள்ளி, மீட்க 1,120 வேண்டும். வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்தால் நகை ‘திரும்பவில்லை’. குடும்பத்தில் ‘கட்டிட்டேன்’ என்ற சொல்லை ‘திருப்பிட்டேன்’ என்று காதில் வாங்கிக்கொள்வதால் வரும் சண்டை கொஞ்சமில்லை. சீட்டைக் கேட்டுப் பாருங்கள். புதுத் தேதியோடு சீட்டு கையில் இருந்தால் நகை இன்னும் கடையில்.

7 மார்ச், காலை 9.45, பட்டர்வொர்த்

பாக்கியும் இதே மாதிரி இரு பக்கம் வெட்டும். ‘பாக்கி குடு’ என்று கடைக்காரர் சொன்னால் நீங்கள் தர வேண்டியது. அதையே நீங்கள் சொன்னால் அவர் தர வேண்டிய சில்லறை. அரபுச் சொல், மீதி என்றுதான் பொருள், மலாயிலும் ‘பாக்கி’. யாருடைய மீதி என்பதைச் சொல் சொல்லாது. கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்கு ‘மீதிச் சில்லறை’, ‘கடன் பாக்கி’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லப் பழக்கினால் தகராறு வராது.

7 மார்ச், பிற்பகல் 12.50, செராஸ்

பணம் திரும்பும் இடங்களில் ஆங்கிலச் சொல்லையே பேசுகிறோம், அதையாவது இடம் பார்த்துப் பேச வேண்டும்.

வாடகை வீடு: வழக்கமான கணக்கு 2 மாத டெபாசிட், அரை மாதம் தண்ணீர்-மின்சார டெபாசிட், 1 மாத முன்வாடகை. வாடகை 1,500 வெள்ளி என்றால் 3,000 + 750 + 1,500, மொத்தம் 5,250. இதில் திரும்பி வரக்கூடியது 3,750 மட்டுமே. முன்வாடகை முதல் மாதத்திலேயே கரைந்துவிடும், அதை ‘டெபாசிட்’ என்று சேர்த்துச் சொல்லிக் கேட்டால் வீட்டுக்காரரோடு வழக்கு. கடிதத்தில் ‘டெபாசிட் தொகை 3,750 வெள்ளியைத் திருப்பித் தரவும்’ என்று தொகையோடு எழுதுங்கள். எழுதுபவருக்கே வர வேண்டிய பணம் என்பதால் ‘தரவும்’. சாவிக்கு ‘ஒப்படைத்தேன்’ என்று எழுதுங்கள், பொறுப்பும் சேர்ந்து கை மாறியது அதில் விளங்கும். ‘டெபாசிட் பர்ன்’ என்பதை எழுத்தில் ‘பறிமுதல்’ எனலாம்.

‘ரீஃபண்ட்’ என்றால் கொடுத்த பணம் திரும்புவது. ‘ரிட்டர்ன்’ என்றால் வாங்கிய பொருள் திரும்புவது. ‘எக்ஸ்சேஞ்ச்’ என்றால் பொருளுக்குப் பொருள். கடையில் ‘மாத்திக் குடுங்க’ என்று கேட்டுவிட்டுப் பணத்தை எதிர்பார்க்கக் கூடாது. வேலையிடத்தில் சொந்தக் காசைச் செலவழித்துத் திரும்ப வாங்குவதை இங்கே ‘கிளேம்’ என்கிறோம், ஏட்டில் ‘ரீஇம்பர்ஸ்மெண்ட்’.

‘டேக்ஸ் ரிட்டர்ன் எப்ப வரும்?’ என்று கேட்பவர்கள் கேட்பது ரீஃபண்டை. ‘டேக்ஸ் ரிட்டர்ன்’ என்பது நாம் அரசுக்குக் கொடுக்கும் வருமான வரிப் படிவம். வியாபாரம் இல்லாதவர்களுக்கு பிஇ படிவம், கடைசி நாள் ஏப்ரல் 30, இணையத்தில் அனுப்பினால் மே 15. ‘ரிட்டர்ன் இன்னும் வரலையே’ என்று காத்திருந்து படிவமே அனுப்பாமல் விட்டால் அபராதம் வரும்.

7 மார்ச், பிற்பகல் 2.30, பிரிக்பீல்ட்ஸ்

‘விற்ற பொருள்கள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையும் இருக்கிறதே. பொருள்கள் பன்மை, ‘பெறப்படமாட்டா’ என்று முடிய வேண்டும். இலக்கணம் அதோடு முடிந்தது. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் பழுதான பொருளோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதத்தை ஒரு பலகை நீக்கிவிட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, 3 ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெயிலில் மங்கும் தாள் அது, வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கடைக்காரரின் விருப்பம்.

7 மார்ச், மாலை 5.15, ஜார்ஜ்டவுன்

‘சமுதாயத்திற்குத் திருப்பிக் கொடுப்போம்’ என்று மேடையில், நன்கொடை அட்டையில் இப்போது நிறையப் பார்க்கிறேன். ‘கிவ் பேக் டு சொசைட்டி’யை அப்படியே தூக்கி வைத்த வரி. எதை வாங்கினோம், எந்த அளவு கொடுத்தால் தீரும் என்ற கேள்விகளை அது கிளப்புகிறது, குறியெதிர்ப்பை மாதிரி. 221ஆம் குறள் ஈகையிலிருந்து விலக்கி வைத்தது இதைத்தான். தமிழுக்கு அந்த இடத்தில் கடப்பாடு, நன்றிக்கடன், கைம்மாறு எல்லாம் இருக்கின்றன. 211ஆம் குறள் மழையைக் காட்டிப் பேசுகிறது: மாரிக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும், அதுபோலக் கைம்மாறு வேண்டாததே கடப்பாடு என்று. ‘நம்மை வளர்த்த சமுதாயத்துக்கு நம் கடமையைச் செய்வோம்’ என்றால் போதும்.

7 மார்ச், இரவு 8.10, செந்தூல்

நாளை அச்சு. இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘இரவல் பெற்ற நூல்களை 14 நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கவும். தாமதமானால் நாளொன்றுக்கு 20 சென் செலுத்தவும்.’ ஆங்கிலத்தில் ‘பிளீஸ் ரிட்டர்ன் புக்ஸ் வித்தின் 14 டேஸ்’. தொலைந்த புத்தகத்துக்கு என்ன எழுதுவது? அதைத் திருப்பிக் கொடுக்க முடியாதே. இன்னொரு சிக்கல், அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பதிவேட்டில் பெயர் அப்படியே நிற்கிறது.

7 மார்ச், இரவு 8.45, ஜார்ஜ்டவுன்

தொலைந்ததற்கு ‘ஈடு செய்யவும்’. எதனால் ஈடு என்பதையும் சொல்லிவிடுங்கள்: ‘நூல் தொலைந்தால் அதே நூலின் வேறு படியை வாங்கிக் கொடுக்கவும் அல்லது அதன் விலையைச் செலுத்தவும்.’ ஆங்கிலத்தில் ‘ரீப்ளேஸ்’.

அலமாரிச் சிக்கலுக்கு ‘கொடுக்கவும்’ போதாது. முதல் வரியை இப்படி மாற்றுங்கள்: ‘இரவல் பெற்ற நூல்களை 14 நாள்களுக்குள் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்திடவும்.’ ஒப்படை என்றாலே வாங்கிக்கொள்ள எதிரில் ஒருவர் இருக்க வேண்டும். ‘திருப்பி’யும் இனித் தேவையில்லை, ‘இரவல் பெற்ற’ என்பதிலேயே அது அடங்கிவிட்டது.

7 மார்ச், இரவு 9.05, பட்டர்வொர்த்

ஒற்று: ‘ஒப்படைத்துப் பதிவேட்டில்’, அந்த ‘ப்’ விழுந்துவிடக் கூடாது. ‘திருப்பிக் கொடு’, ‘திருப்பித் தா’, ‘திரும்பப் பெறு’ எல்லாவற்றிலும் ஒற்று மிகும். ‘திருப்பி அனுப்பு’, ‘திருப்பி வாங்கு’ இரண்டிலும் மிகாது.

8 மார்ச், காலை 10.20, செந்தூல்

அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. ‘ஒப்படைத்துப்’ என்பது ‘ஒப்படைத்துப’ என்று புள்ளியில்லாமல் நிற்கிறது. நான் அனுப்பியதில் புள்ளி இருந்தது.

8 மார்ச், காலை 10.35, செராஸ்

அவர்களுடைய மென்பொருளில் எழுத்துரு மாறியிருக்கும். வேர்டு கோப்பை அனுப்பாமல், எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். மாதிரி வந்ததும் க், த், ப், ர், ள் ஐந்தையும் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள், பிறகு மூல வரியோடு ஒப்பிடுங்கள். ‘கொ’, ‘பொ’ கொம்புகளும் இடம் மாறியிருக்கலாம், அதையும் சேர்த்து.

8 மார்ச், பிற்பகல் 12.15, செந்தூல்

பிடிஎஃப் போனது, புள்ளி வந்துவிட்டது. ‘பொறுப்பாளரிடம்’ கொம்பும் சரி. 50 தாள் அடிக்கச் சொல்லிவிட்டேன்.